வீவக வீட்டில் கார் பேட்டரிக்கு சார்ஜ் போடலாமா? எங்கே வைப்பது, எதை அளப்பது, எப்போது கைவிடுவது

கேள்வி இதுதான்: மூன்று வாரம் திருச்சிக்குப் போய்த் திரும்பிய குடும்பம். பலமாடி கார் நிறுத்துமிடத்தில் நின்ற கார், சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்கிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. வீடு சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில். பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய் சார்ஜ் போடலாமா, ஆபத்தா?

போடலாம். சரியான சார்ஜர், காற்றோட்டமான இடம், ஒரு முழுப் பகல் வீட்டில் ஆள், இந்த மூன்றும் இருந்தால் போதும். ஆனால் சார்ஜரை வாங்குவதற்கு முன் ஒரு மல்ட்டிமீட்டரை வாங்கிவிடுங்கள், மலிவானதே போதும். இங்குள்ள வெப்பத்தில் பேட்டரி கைவிடுவதற்கு சார்ஜ் இறங்குவது மட்டும் காரணமல்ல. உள்ளே தகடுகள் அரித்துப்போய் ஆயுளே முடிந்திருக்கும். அப்படிப்பட்ட பேட்டரிக்கு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பலன் இல்லை. இறங்கிப்போனது எது, செத்துப்போனது எது என்பதை மீட்டர்தான் சொல்லும்.

உங்கள் விஷயத்தில் கணக்கு நேராகவே வருகிறது. நிறுத்தி வைத்த காரிலும் அலாரம், கடிகாரம், ரிமோட் சாவியைக் கேட்கும் கருவி என்று ஏதோ ஒன்று மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்தாலும் 21 நாளில் 15 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) போய்விடும். சிறிய ஜப்பானிய கார்களில் இருக்கும் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வயதாகிக் கொள்ளளவு குறைந்த பேட்டரி என்றால் பாதிக்கு மேல். டாஷ்கேமை நிறுத்தும் நேரத்திலும் பதிவு செய்யும்படி விட்டுவிட்டுப் போயிருந்தால் கதையே வேறு: 0.3 ஆம்பியர் எடுக்கும் கேமரா ஒரு நாளில் 7 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். திருச்சியில் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் இங்கே பேட்டரி பாதியாகியிருக்கும்.

முதலில் காரில் வைத்தே அளந்து பாருங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசிக்குத் திருப்பி, சிவப்பு முனையை ப்ளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு, 11.8க்குக் கீழே ஏறக்குறைய காலி. ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) என்றால் எல்லா அளவும் இதைவிட 0.1 முதல் 0.2 வரை கூடுதலாக இருக்கும். 12.5 காட்டியும் ‘டிக் டிக்’ என்றால் சார்ஜ் போட்டுப் பயனில்லை. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையோ, தளர்ந்த கிளாம்பையோ, ஸ்டார்ட்டர் மோட்டாரையோ சந்தேகப்படுங்கள்.

பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, விரிசலோ கசிவோ தெரிந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம். பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பக்கத்து காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்து, ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், பேட்டரியின் நிலையைத் தக்கவைப்பதற்காக உள்ளது. காலியான பேட்டரியை நிரப்புவது அதன் வேலையல்ல. ஈசூனிலிருந்து அங் மோ கியோவுக்கு ஏர்கான் போட்டுக்கொண்டு ஓட்டிப் போனால் சேருவது சில ஆம்பியர்-மணிதான். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுவது இன்னும் மோசம். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் குறைவு. மேலும் தேவையில்லாமல் நின்ற காரின் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும்.

கார் நிறுத்துமிடத்துச் சுவரில் ப்ளக் பாயிண்ட் கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள். அது துப்புரவு, பராமரிப்பு வேலைக்கானது, அனுமதி இல்லாமல் மின்சாரம் எடுக்கக் கூடாது. வீட்டு வாசலில் பொதுத் தாழ்வாரத்தில் வைத்து, கதவிடுக்கில் ஒயரை இழுத்து சார்ஜ் போடுவதும் வேண்டாம். தாழ்வாரம் தீ விபத்தின்போது எல்லோரும் தப்பிக்கும் வழி. அங்கே அமிலம் நிரம்பிய ஒன்றைக் கண்காணிப்பில்லாமல் வைப்பதும், குழந்தைகள் வந்துபோகும் இடத்தில் கிளிப்புகள் திறந்து கிடப்பதும் சரியில்லை. ஆகக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் வழி. தரைவீட்டுக்காரர்கள் மட்டும் மழை படாத போர்ட்டிகோவில் காரோடு சேர்த்தே சார்ஜ் போடலாம். அவர்களுக்கான குறிப்பு பின்னால் வருகிறது.

கழற்றுவதற்கு முன் இரண்டு விஷயம். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். மின்சாரம் போனபின் கதவைத் திறக்க அது ஒன்றுதான் இருக்கும். அடுத்து, பேட்டரியை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தக் கேபிள் எங்கே போகிறது, பக்கத்தில் காற்றுக்குழாய் ஏதும் செருகியிருக்கிறதா என்று. ஹைப்ரிட் கார்களில் 12 வோல்ட் பேட்டரி பின்பக்கச் சாமான் பகுதியிலோ பின்னிருக்கைக்கு அடியிலோ இருக்கும், இந்தக் குழாயும் பெரும்பாலும் இருக்கும். ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை, கிட்டவே போக வேண்டாம். 12 வோல்ட்டுக்கு லித்தியம் பேட்டரி வைத்த கார் என்றால் கீழே சொல்வது எதுவும் பொருந்தாது. அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும்.

மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். எப்போதும் மைனஸ் முதலில். காரின் உடம்பு முழுவதும் மைனஸ்தான். ப்ளஸ்ஸை முதலில் அவிழ்க்கும்போது ஸ்பானரின் மறுமுனை பானட் விளிம்பில் பட்டால், பல நூறு ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியே பாயும். பட்ட இடம் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும், ஸ்பானர் சிவக்கும். நடுவில் உங்கள் தங்க மோதிரம் மாட்டினால் விரலைச் சுற்றிப் பழுக்கும். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் அந்தச் சுற்றே முடியாது, ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றும் நேராது. திரும்ப மாட்டும்போது முறை தலைகீழ்: ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

45 ஆம்பியர்-மணி பேட்டரி பதினொன்று, பன்னிரண்டு கிலோ இருக்கும். ஐரோப்பிய கார்களுடையது பதினைந்தைத் தாண்டும். ப்ளஸ் முனையை இன்சுலேஷன் டேப்பால் மூடி, பிளாஸ்டிக் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, சந்தைக்கு எடுத்துப்போகும் தள்ளுவண்டியில் மின்தூக்கி வழியாக மேலே கொண்டுவாருங்கள். சாய்க்க வேண்டாம். ஓடி முடித்த கார் என்றால் பேட்டரி ஆறும்வரை பொறுங்கள். இன்ஜின் சூட்டில் வெந்த பேட்டரிக்கு உடனே சார்ஜ் ஏற்றக் கூடாது.

இனி, வீட்டில் எங்கே வைப்பது? தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் உள்ள வெடிகுண்டுப் புகலிட அறை) வைக்கவே கூடாது. கனத்த கதவும், சாமான் அடைத்த சுவரும், காற்றே போகாத இடமும் அது. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம் காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் எரிவாயுத் தண்ணீர்ச்சூடேற்றி அங்கேதான் தொங்குகிறது. யாரோ குளியலறையில் சுடுநீரைத் திறந்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அப்படியானால் அந்த இடமும் வேண்டாம். சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரியும் மூலைக்கு அருகிலும் கூடாது. பால்கனி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கூடத்தில் முழுதாகத் திறந்த ஜன்னலுக்கு அருகே, டைல்ஸ் தரையில், ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வையுங்கள். கொஞ்ச தூரத்தில் மேசை விசிறியை வைத்து, காற்று பேட்டரியின் மேலாக ஜன்னலை நோக்கிப் போகும்படி திருப்பிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? சார்ஜ் முடியும் கட்டத்தில், மின்னழுத்தம் 14.2, 14.4ஐ நெருங்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். அப்படி வீணாகும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஆறு செல்லும் சேர்ந்து சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது பற்றும். ஜன்னல் திறந்த அறை முழுவதும் அந்த அளவை எட்டுவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் பேட்டரி மூடித் துளைகளுக்கு நேர் மேலேயும், செல்லுக்குள் தண்ணீர் குறைந்து வெற்றிடமாக உள்ள பகுதியிலும் கலவை எப்போதும் அடர்த்திதான். சார்ஜர் ஓடும்போதே கிளிப்பைப் பிடுங்கினால் பொறி விழுவது சரியாக அந்த இடத்தில். வெடித்தால் பிளாஸ்டிக் ஓடும் கந்தக அமிலமும் முகத்தை நோக்கித்தான் வரும். இந்த வேலையில் இதுவே முதன்மையான விதி: சுவர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதுதான் கிளிப்பை மாட்டுவதும் எடுப்பதும். கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சார்ஜர் எப்படி இருக்க வேண்டும்? 230 வோல்ட்டுக்கானது, 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கானது, பல கட்டமாகத் தானே குறைத்துக்கொள்ளும் வகை. மின்னோட்டம் பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு: 45க்கு நான்கைந்து ஆம்பியர், 60க்கு ஆறு. இதைவிடக் குறைவு கெடுதல் இல்லை, நேரம்தான் அதிகமாகும். இணையத்தில் மலிவாக வாங்கியவை சில இரண்டு உருண்டை முனை ப்ளக்கோடு வரும். பயணத்துக்கு எடுத்துப்போகும் அடாப்டரில் செருகிப் பத்து மணி நேரம் ஓட்டாதீர்கள். மூன்று முனை, ஃபியூஸ் உள்ள, சேஃப்டி மார்க் முத்திரை பதித்த ப்ளக் வேண்டும். ஐந்து ஆம்பியர் சார்ஜர் சுவரிலிருந்து எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே ப்ளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் 3 ஆம்பியர் போட்டால் கோளாறு வரும்போது சீக்கிரம் துண்டிக்கும். வீட்டு மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் அது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம் என்று சட்டம் வந்து, பழைய வீடுகளுக்கு ஈராண்டு அவகாசம் தரப்பட்டது.

தாத்தா காலத்து டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் ஒன்று கிடக்கிறதே என்றால், அது தானாக நிற்காது. 16 வோல்ட்டையும் தாண்டிக் கொதிக்க வைத்துவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டரைப் பார்க்கத் தயார் என்றால் மட்டும் தொடுங்கள்.

சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள், இரவில் வேண்டாம். திருகு மூடி உள்ள பேட்டரி என்றால் திறந்து பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். மேல் கோடுவரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். குழாய்த் தண்ணீரோ புட்டித் தண்ணீரோ கூடாது, அமிலம் சேர்க்கவும் கூடாது. மூடி இல்லாத வகையை நெம்பித் திறக்க முயலாதீர்கள்.

சார்ஜரில் வகையைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு நிறுத்தங்களில் இன்ஜின் தானாக அணையும் கார்களில் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி (வலுவூட்டிய சாதாரண வகை) பேட்டரி இருக்கும், பேட்டரி மேலேயே அச்சிட்டிருப்பார்கள். சிவப்பு கிளிப் ப்ளஸ்ஸில், கறுப்பு மைனஸில், நன்றாகக் கடித்திருக்கிறதா என்று லேசாக அசைத்துப் பார்த்து, பிறகு சுவிட்ச். தொடக்கத்தில் அரை மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு மணிக்கொருமுறை பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியவில்லை என்றால் சுவிட்சை அணையுங்கள். 14.4 வோல்ட் என்பது 25 பாகை செல்சியஸில் வைத்துச் சொல்லும் அளவு. இங்கே மதியம் 32 பாகையில் 0.15 வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பதே சரி. வெப்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சார்ஜருக்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்த ஊரில் வீண்செலவல்ல.

எவ்வளவு நேரம்? குறைந்திருப்பதை ஆம்பியர்-மணியில் கணக்கிட்டு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, சார்ஜரின் ஆம்பியரால் வகுங்கள். பாதி காலியான 45க்கு 22.5 குறைவு, கூட்டினால் 27, நான்கு ஆம்பியரில் ஏழு மணி நேரம். முழுக்கக் காலியென்றால் பதின்மூன்று, பதினான்கு. கடைசிப் பகுதியில் மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வந்து அரை ஆம்பியர் அளவில் நிற்கும், அப்போது நிறைந்துவிட்டது என்று பொருள்.

இப்படி நடக்காவிட்டால் பேட்டரி ஏதோ சொல்கிறது. சார்ஜ் போட்ட ஐந்தே நிமிடத்தில் 14.4க்குத் தாவி ‘முழுமை’ என்று விளக்கு எரிந்தால் மகிழ வேண்டாம். தகட்டில் சல்ஃபேட் இறுகிப்போய், ஏற்றிக்கொள்ள இடமே இல்லை என்று அர்த்தம். மறுபக்கம், பத்து மணி நேரம் ஆகியும் 13 வோல்ட்டைத் தாண்டாமல், முழு ஆம்பியரும் இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் ஒரு செல் ஷார்ட். இதைச் சார்ஜ் எடுத்தபின் அளந்தும் உறுதி செய்யலாம். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறில் ஒன்று போனால் மீதி 10.5. முழு நாள் சார்ஜ் போட்டும் 10.5 அருகே வந்து நின்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. தொடர்ந்து ஏற்றினால் நல்ல ஐந்து செல்லும் அளவுக்கு மீறிக் கொதிக்கும்.

மிகவும் கீழே போன பேட்டரியைப் பல சார்ஜர்கள் ‘பேட்டரியே இல்லை’ என்று சொல்லித் தொடங்கவே மறுக்கும். நல்ல பேட்டரி ஒன்றை இணைத்து ஏமாற்றும் வித்தை காணொளிகளில் உண்டு. வீட்டுக் கூடத்தில் அதைச் செய்ய வேண்டாம். அந்த அளவு காலியாகி வாரக்கணக்கில் கிடந்த பேட்டரி மீண்டாலும் நீண்ட நாள் ஓடாது.

முடிந்ததும் சுவிட்சை அணைத்து, கறுப்பு கிளிப், பிறகு சிவப்பு. உடனே அளந்தால் 13க்கு மேல் காட்டும், அது பொய். பன்னிரண்டு மணி நேரம் சும்மா வைத்து அளந்து 12.6 நின்றால் காரில் மாட்டலாம். 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் நம்பாதீர்கள். மாட்டியபின் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் சுற்றும் நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ஓடத் தொடங்கியதும் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இது ஏறி இறங்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஜன்னல்களின் தானியங்கி இயக்கத்தை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவி உயிர்பெற்று அட்டையைப் படிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தரைவீட்டுக்காரர்களுக்கு: காரிலேயே சார்ஜ் போடும்போது கறுப்பு கிளிப்பை பேட்டரி மைனஸில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி இன்ஜினிலோ உடம்பிலோ வண்ணம் பூசாத உலோகத்தில் மாட்டுங்கள். பொறி விழுந்தாலும் வாயுவுக்கு அருகே விழாது. மைனஸ் கிளாம்பில் சிறு பெட்டிபோல் உணரி உள்ள கார்களில் இது இன்னும் முக்கியம். உடம்பில் மாட்டினால்தான் ஏறிய சார்ஜை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். சார்ஜரில் ‘ரிப்பேர்’ என்ற பொத்தான் இருந்தால், காரோடு இணைந்திருக்கும்போது அதை அழுத்தாதீர்கள். சில சார்ஜர்களில் அது 15.8 வோல்ட் வரை போகும், காரின் மின்னணுவியலுக்கு ஆகாது.

அமிலம் தோலில் பட்டால் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிட்டபடியே 995ஐ அழைக்கச் சொல்லுங்கள். தரையில் சிந்தியதில் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் துடையுங்கள். தேறாத பேட்டரியைக் குப்பைக் குழாயிலோ நீல மறுசுழற்சித் தொட்டியிலோ போடக் கூடாது. புதியது மாட்டும் பட்டறையே பழையதை எடுத்துக்கொள்ளும். மூன்று வயதை நெருங்கிய பேட்டரி ஒருமுறை இப்படிக் காலியானால், என் கருத்தில் சார்ஜருக்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவதே மேல்.

நல்ல பேட்டரி, முழு சார்ஜ், ஆனாலும் ஒரு வாரத்தில் மறுபடி காலி என்றால் கார்தான் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துக் கதவுகளை மூடி, மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, மைனஸ் கேபிளைக் கழற்றி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். அப்போது ஸ்டார்ட் செய்யவோ கதவைத் திறக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கணினிகள் தூங்க அரை மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. டாஷ்கேம் மாட்டிய காரென்றால் முதலில் அதன் ஃபியூஸிலிருந்தே தொடங்கலாம்.